வீட்டோடு மாப்பிள்ளையும் வெறும் அடைப்புக்குறியும்

ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்களை நமக்குத் தெரியும். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கென்றே எழுதப்பட்ட நிரல் ஒன்று உண்டு என்பது அவ்வளவாகத் தெரியாது. ஜாவாஸ்கிரிப்டில் அதை எழுதினால் இவ்வளவுதான்:

() => {}

ஓர் எழுத்துகூடக் கிடையாது. இரண்டு வளைவு, ஓர் அம்பு, இரண்டு சுருள், சுருளுக்குள் வெற்றிடம். நிரல் எழுதுகிறவர்கள் இதை ‘நோ-ஆப்’ என்பார்கள். எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். எதையும் செய்யாது. எதையும் திருப்பித் தராது. முகம் சுளிக்காது. இந்த லட்சணங்களை இரவுச் சாப்பாட்டின்போது வீட்டாருக்கு விளக்கினேன். என் மாமியார் தம் மகளைப் பார்த்து, “இதுக்கு எதுக்குடி கம்ப்யூட்டரு? அதான் நம்ம வீட்டுலயே ஒண்ணு இருக்கே” என்றார்.

அத்தை என்னிடம் நேராகப் பேசுவதில்லை. சண்டை இல்லை, மரியாதை. எனக்குச் சேர வேண்டிய செய்தி எல்லாம் என் மனைவி வழியாகத்தான் வரும். நான் கைக்கெட்டும் தூரத்தில் தட்டோடு உட்கார்ந்திருப்பேன். “மாப்பிள்ளைக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு” என்பார். என் மனைவி கேட்பாள். நான் அவளிடம் சொல்வேன். அவள் அவரிடம் சொல்வாள். இதற்குள் தோசை ஆறிவிடும்.

ஆமாம், நான் வீட்டோடு மாப்பிள்ளை. ஊர் லெம்பா பெர்த்தாம். கேமரன் மலைக்குத் தாப்பா வழியாக ஏறி வருகிறவர்கள் முதலில் காணும் ஊர் ரிங்லெட். அங்கே ஒரு தே தாரிக் குடித்துவிட்டு, தேயிலைப் பச்சையைப் படம் பிடிக்க மேலே போய்விடுவார்கள். பக்கத்துப் பள்ளத்தாக்கான எங்கள் ஊரைப் படம் பிடிக்க யாரும் மெனக்கெடுவதில்லை. இங்கே சரிவெல்லாம் பிளாஸ்டிக் கூரை. அதற்கடியில் தக்காளி, குடைமிளகாய், சலாட், செவ்வந்தி. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து நம் ஆட்கள் பலர் இந்த மலையில் கொழுந்து, லயம், பெரட்டு என்றே வாழ்ந்தார்கள். முடிந்தவர்கள் பிறகு காய்கறிக்கு மாறினார்கள். என் மாமனார் லயத்தில் பிறந்து காய்கறிக்கு மாறியவர். அவருக்குக் கொட்டகைகள் இருக்கின்றன. எனக்கு ஒரு மடிக்கணினி இருக்கிறது. குடும்பத்தின் சொத்துக் கணக்கு அத்துடன் முடிகிறது.

சாப்பிட்ட தோசைக்கு ஈடாக ஏதாவது செய்ய வேண்டுமே என்று ஒரு மாட்யூல் எழுதினேன். கொட்டகைக்குள் காற்றின் ஈரம், வெப்பம், மண்ணின் ஈரம் மூன்றையும் படித்து, தேவைப்படும்போது சொட்டுநீர் வால்வைத் திறந்து மூடும். உள்ளங்கை அளவு ராஸ்பெர்ரி பை கணினியில், நோட் ஜேஎஸ் மேல் ஓடும். பிரிஞ்சாங்கில் ஸ்ட்ராபெரி போட்டிருக்கும் மச்சான் அதைக் கேட்டார். கம்போங் ராஜாவில் பூ வளர்க்கும் அவருடைய கூட்டாளி கேட்டார். இப்படி இரண்டு இடம் போனதும் என் மாட்யூலுக்கு ‘மறுபயன்பாட்டு நிரல்’ என்ற பட்டம் கிடைத்துவிட்டது. அதாவது, என்னைப் போலவே அதுவும் அடுத்தவர் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போய்விட்டது.

போன இடத்தில் அடக்கமாக இருக்க வேண்டாமா? அது பேசியது. காலையில் கண் விழித்ததும், “சென்சார் தயார்.” பிறகு, “படிக்கிறேன்.” பிறகு, “படித்துவிட்டேன், 83.” பிறகு, “வால்வைப் பார்க்கிறேன்.” பிறகு, “வால்வு மூடியே இருக்கிறது, நல்லது.” இந்த ‘நல்லது’ என் சொந்தச் சேர்க்கை. ஒவ்வொரு வரியும் கன்சோல்.லாக் என்ற வாசல் வழியே, அந்தந்த வீட்டுக் கணினியின் கறுப்புத் திரையில் போய் விழும். மச்சானுடைய நிரல் அதே திரையில் ஒழுங்காக ஒரே ஒரு வரி எழுதும்: இன்றைக்கு எத்தனை கிலோ. என் மாட்யூலின் தன் வரலாற்றுக்கு நடுவில் அந்த ஒரு வரியைத் தேட அவருக்குப் புதுக்கண்ணாடி தேவைப்பட்டது.

மாமனார் கொட்டகைத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மாப்பிள்ள, இது எந்நேரமும் இப்படித்தான் பேசிக்கிட்டிருக்குமா?”

“ஆமா மாமா. உள்ள என்ன நடக்குதுன்னு தெரியணுமில்ல?”

“யாருக்கு?”

மென்பொருள் கட்டமைப்பைப் பற்றி வெளிவந்திருக்கும் தடித்த புத்தகங்களில் பாதி இந்த ‘யாருக்கு’வுக்குள் அடக்கம். எனக்குப் பதில் தெரியவில்லை என்பதை முகத்தில் படித்துவிட்டு அவரே தொடர்ந்தார். “தோட்டத்துல கொழுந்து எடுக்கிறவ கணக்குப் புத்தகத்தையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போனதில்ல. நிறுத்து எழுத கிராணி இருப்பாரு. எந்தக் கிராணி, எந்தப் புத்தகம், எவ்வளவு எழுதணும், இதெல்லாம் துரை பார்த்துக்குவாரு.”

ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவர்கள் இதை வேறு மொழியில் சொல்வார்கள்; பொருள் மாறாது. அடுத்தவர் பயன்படுத்த எழுதும் நிரல் தானாகத் திரையில் எழுதக் கூடாது. அழைக்கிறவர் விரும்பினால் குறிப்பெழுத ஒரு கிராணியை, அதாவது ஒரு லாகரைக் கையில் கொடுப்பார். சொல்ல வேண்டியதை அதனிடம் சொல்ல வேண்டும். அவர் எதையும் கொடுக்காவிட்டால், நிரலுக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் ஒரு சும்மா லாகரிடம் சொல்ல வேண்டும். அந்தச் சும்மா லாகருக்கும் மற்ற லாகர்களைப் போல டீபக், இன்ஃபோ, வார்ன், எரர் என்று நான்கு வாசல் இருக்கும். நான்கிலும் எட்டிப் பார்த்தால் அதே () => {} உட்கார்ந்திருக்கும்.

எதற்கு இந்தப் பொம்மை, லாகர் இருந்தால் சொல், இல்லாவிட்டால் விடு என்று ஒரு நிபந்தனை போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போடலாம். ஒரு முறை போட்டால் போதாது என்பதுதான் தொல்லை. சொல்ல வரும் ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் போட வேண்டும். அத்தை ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னும் “மாப்பிள்ளை வீட்டுல இருக்காரா பாரு, இருந்தா சொல்லு, தேங்கா வாங்கணும். மாப்பிள்ளை இன்னும் இருக்காரா பாரு; இருந்தா சொல்லு, ரெண்டா வாங்கணும்” என்று பேசினால் அந்த வீட்டில் சட்னி அரைபடுமா? எங்கள் வீட்டில் அந்தச் சோதனையே கிடையாது. நான் எப்போதும் இருப்பேன். அத்தை பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போவார். நான் “ம்” என்பேன். வேலை தடைபடாமல் நடக்கும், என்னால் அல்ல என்றாலும். இந்த ஏற்பாட்டுக்கு ‘நல் ஆப்ஜெக்ட்’ என்று பெயரிட்டு பாபி வுல்ஃப் என்பவர் 1990களிலேயே முறையாக எழுதி வைத்திருக்கிறார். இல்லாத ஆளுக்குப் பதில், இருந்தும் ஒன்றும் செய்யாத ஆளை உட்கார வைப்பது. படித்தபோது என்னைப் பற்றி ஒருவர் ஆய்வு செய்திருக்கிறார் என்ற பெருமிதம் உண்டாயிற்று.

சும்மா இருப்பதற்கு நல்ல பரம்பரையும் உண்டு. இன்டெல் 1978இல் வெளியிட்ட 8086 சிப்பின் கட்டளைகளில் ‘நாப்’ என்று ஒன்று. பதினாறடிமான எண்ணில் 90. பிரித்துப் பார்த்தால், ஏஎக்ஸ் என்ற பதிவகத்தில் இருப்பதை எடுத்து அதே ஏஎக்ஸோடு இடம் மாற்றிக்கொள்ளும் கட்டளை அது. நாற்காலியிலிருந்து எழுந்து அதே நாற்காலியில் உட்காருவது. சும்மா இருப்பதை உழைப்பாகக் காட்டும் இந்த நுட்பத்தை, மாமனாரின் பூட்ஸ் சத்தம் படிக்கட்டில் கேட்கும்போதெல்லாம் நானும் கையாண்டு வருகிறேன். ஜேக்வெரி தன் 1.4 பதிப்பில், 2010 ஜனவரியில், ஜேக்வெரி.நூப் என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. அதுவும் வெற்றுச் செயற்கூறுதான். விருப்பப்பட்டால் மட்டும் கொடுக்கக்கூடிய பின்னழைப்புகளை வைத்து எழுதும் பிளகின் ஆசிரியர்களுக்கு, யாரும் எதுவும் கொடுக்காதபோது ஓட்டுவதற்கு என்று அதன் ஆவணத்திலேயே காரணமும் போட்டிருக்கிறது. உலகத்தின் பெருவாரியான இணையதளங்கள் ஒரு காலத்தில் இந்த வெற்றிடத்தை மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு திரிந்தன.

ஒன்றும் செய்யாதவன் ஊரையே காப்பாற்றிய கதையும் உண்டு. 2006இல் ஜோ ஹெவிட், ஃபயர்பாக்ஸ் உலாவிக்காக ஃபயர்பக் என்ற கருவியைச் செய்தார். கன்சோல்.லாக் என்று எழுதி உள்ளே நடப்பதை வேடிக்கை பார்க்கும் பழக்கம் அதோடு பரவியது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8, 9 பதிப்புகளில் மட்டும் ஒரு வினோதம். அங்கே ‘கன்சோல்’ என்ற பொருள், டெவலப்பர் டூல்ஸ் சன்னலைத் திறந்தால்தான் பிறக்கும். திறக்காவிட்டால் அப்படி ஒன்று இல்லவே இல்லை. மறந்துபோய் ஒரு கன்சோல்.லாக்கை நிரலில் விட்டுவைத்தால், வாடிக்கையாளரின் கணினியில் பக்கம் அந்த வரியில் செத்து விழும். என்ன கோளாறு என்று நிபுணர் வந்து சன்னலைத் திறப்பார். திறந்த நொடியில் எல்லாம் ஒழுங்காக ஓடும். உலாவியை மூடிவிட்டுக் கிளம்புவார். மறுபடி விழும்.

யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் வேலை நடக்கும் இந்த நோயை நிபுணர்கள் மர்மம் என்றார்கள். என் மனைவியைக் கேட்டிருந்தால் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பாள். மருந்து கடைசியில் நம் ஆள்தான். எச்டிஎம்எல்5 பாய்லர்பிளேட் என்ற தொடக்கப் பொதியில் ஒரு சிறு துண்டு நிரல் வந்தது. கன்சோலுக்கு இருக்க வேண்டிய செயற்கூறுகளின் பெயர்களை வரிசையாக அடுக்கி, எது இல்லையோ அந்த இடத்தில் ஒரு வெற்றுச் செயற்கூறை உட்கார வைக்கும். அதன் பிறகு பக்கங்கள் விழவில்லை. தளங்களைத் தாங்கிய அந்தச் செயற்கூறுக்குள் இருந்தது ஒன்றுமில்லை.

வாய் ஓயாத மாப்பிள்ளை என்னுடையது ஒன்றுதான் என்று நினைத்துவிட வேண்டாம். பெரிய இடத்துப் பிள்ளைகளும் உண்டு. கோர்-ஜேஎஸ் என்ற நூலகம் கணக்கற்ற திட்டங்களுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. ஒரு காலத்தில் அது நிறுவப்படும்போதெல்லாம் டெர்மினலில் நன்கொடை கேட்கும். கூடவே, இதை எழுதியவர் நல்ல வேலை தேடிக்கொண்டிருக்கிறார் என்றும் அறிவிக்கும். வீட்டோடு மாப்பிள்ளை என்ற முறையில் எனக்கு அவர்மேல் மிகுந்த அனுதாபம் உண்டு. என் மாட்யூலிலும் அப்படி ஒரு வரி சேர்க்கலாமா என்று யோசித்தேன். அதைப் படிக்கப்போவது மாமனார் என்பதால் கைவிட்டேன். 2019 ஆகஸ்டில், ‘ஸ்டாண்டர்ட்’ என்ற நிரல் ஒழுங்குக் கருவியை நிறுவியவர்களின் டெர்மினலில் விளம்பரமே வந்துவிட்டது. இலவசமாக உழைக்கிறவர்களுக்கு வருமானம் வேண்டாமா என்ற நியாயமான கேள்வி அதன் பின்னால் இருந்தது. ஆனால் கேட்ட இடம் அடுத்தவர் வீட்டு நடுக்கூடம். எழுந்த கூச்சலில் அந்த முயற்சி நின்றது. டெர்மினலில் விளம்பரம் காட்டும் பொதிகளுக்கு இடமில்லை என்று என்பிஎம் சொல்லிவிட்டது. அதே ஆண்டில், யார் யாருக்கு நிதி வேண்டும் என்பதைக் கேட்டால் மட்டும் காட்டும் தனிக் கட்டளை ஒன்றும் என்பிஎம்மில் சேர்ந்தது. கேட்டால் சொல், கேட்காவிட்டால் பேசாதே என்ற தர்மம் அங்கேயும் கடைசியில் வென்றது.

நல்ல பிள்ளைகளும் இருக்கிறார்கள். டிஜே ஹாலோவேசக் எழுதிய ‘டீபக்’ என்ற பொதி, சூழல் மாறியில் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதவரை வாயே திறக்காது. ஃபாஸ்டிஃபை என்ற சர்வர் கட்டமைப்பில் லாகர் வேண்டும் என்று நீங்கள் சொன்னால்தான் உண்டு. பைத்தான் மொழியின் அதிகாரபூர்வ ஆவணம், நூலகம் எழுதுகிறவர்களைப் பார்த்து, ‘நல்ஹேண்ட்லர்’ என்ற ஒன்றும் செய்யாத கையாளியைத் தவிர வேறு எதையும் நீங்களாகச் சேர்க்காதீர்கள் என்று அறிவுரை சொல்கிறது. ஜாவா உலகத்தில் எஸ்எல்எஃப்4ஜே என்று ஒரு பெரிய மனிதர். அவருக்கு லாகர் எதுவும் கிடைக்காவிட்டால் அவரும் நோ-ஆப் லாகருக்குத்தான் மாறுகிறார். மாறும்போது திரையில், லாகர் எதுவும் கிடைக்கவில்லை, ஆகையால் ஒன்றும் செய்யாத லாகரைப் பயன்படுத்துகிறேன் என்று வரி வரியாக எச்சரிக்கை போட்டுவிட்டு மாறுகிறார். “நான் ஒண்ணும் பேசப்போறதில்ல, எனக்கெதுக்கு வம்பு, நான் வாயே திறக்கல” என்று முக்கால் மணி நேரம் மௌனத்தை அறிவிக்கும் பெரியவர்களைக் கல்யாண வீட்டில் பார்த்ததில்லையா? அவர்கள் வம்சம்.

இனி, சும்மா இருப்பதிலும் சூட்சுமம் உண்டு என்பதைச் சொல்ல வேண்டும். பலபேர் சறுக்கும் இடம் இது.

2015ஆம் ஆண்டு ஜாவாஸ்கிரிப்டில் இயல்பு மதிப்பு என்ற வசதி வந்தது. லாகர் கொடுக்கப்படாவிட்டால் இந்தச் சும்மா லாகரை எடுத்துக்கொள் என்று ஒரே ஒரு சமக்குறியில் எழுதிவிடலாம். அழகான வசதி. ஆனால் ‘கொடுக்கப்படாவிட்டால்’ என்பதற்கு அந்த மொழியில் மிகக் குறுகலான பொருள். எதுவுமே சொல்லாமல் விட்டால் அது ‘அன்டிஃபைன்ட்’. ஒன்றுமில்லை என்று வாய்விட்டுச் சொன்னால் அது ‘நல்’. முதலாவதற்குத்தான் இயல்பு மதிப்பு வேலை செய்யும். இரண்டாவது வந்தால், சரி, ஒன்றுமில்லை என்பதையே லாகராக வைத்துக்கொள்கிறேன் என்று ஏற்றுக்கொண்டு, அடுத்த வரியில் ‘ஒன்றுமில்லை’யைப் போய் இன்ஃபோ சொல்லச் சொல்லி வெடிக்கும்.

கல்யாணமாகாத இளைஞர்களுக்கு இந்த வித்தியாசத்தைப் புரிய வைப்பது கடினம். மற்றவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. மனைவி பேசாமல் இருக்கிறாள் என்றால், அவள் பாட்டுக்குத் தக்காளி நறுக்கிக்கொண்டிருக்கிறாள் என்று பொருள். அங்கே நம் இயல்பு மதிப்பு, அதாவது செய்தித்தாள், தாராளமாக ஓடலாம். “என்னம்மா?” என்று கேட்டு, அதற்கு அவள் “ஒண்ணுமில்ல” என்று சொன்னால், செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு ஓட வேண்டும். அது வெற்றிடம் இல்லை. அது ஒரு மதிப்பு. யோசித்துக் கொடுக்கப்பட்ட மதிப்பு.

மொழியை வடிவமைத்தவர்களில் குடும்பஸ்தர்கள் இருந்திருக்க வேண்டும். 2020இல் இதற்கென்றே ஒரு குறி கொடுத்தார்கள்:

??

இடப்பக்கம் மௌனம் வந்தாலும் சரி, ‘ஒண்ணுமில்ல’ வந்தாலும் சரி, வலப்பக்கம் வைத்திருக்கும் சும்மா லாகரை எடுத்துக்கொள்ளும். இரண்டு கேள்விக்குறியை அடுத்தடுத்துப் போட்டு இதற்குச் சின்னமாக வைத்தவருக்கு என் வணக்கம். ‘ஒண்ணுமில்ல’ காதில் விழும்போது என் முகத்தில் இரண்டு கண்ணும் அப்படித்தான் இருக்கும். மாட்யூலின் வாசலில், லாகரை வாங்கிக்கொள்ளும் அந்த ஒரே இடத்தில், இதை ஒருமுறை எழுதிவிட்டால் போதும். உள்ளே எங்கும் சந்தேகமின்றிப் பேசலாம்.

அடுத்த சூட்சுமம் கஞ்சர்களுக்கானது. ஒன்றும் செய்யாத லாகர் ஒன்றும் செலவு வைக்காது என்று நினைக்கிறோம். அதைக் கூப்பிடும் செலவு அற்பம்தான். இன்றைய ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரங்கள் இத்தகைய வெற்று அழைப்பைப் பெரும்பாலும் கரைத்தே விடும். செலவு அதற்குக் கொடுக்கும் சாமானில் இருக்கிறது. கொட்டகையின் முழு நாள் அளவீடுகளையும் ஒரு நீண்ட சரமாகக் கோத்து, அதை டீபக்கிடம் கொடு என்று எழுதினால், கோக்கும் வேலை முழுதாக நடந்த பிறகுதான் சரம் சும்மா லாகர் கைக்குப் போகும். அது வாங்கிக் குப்பையில் போடும். அத்தை மணிக்கணக்காகச் சாமான் பட்டியல் தயாரித்து, விலை விசாரித்து, மகள் மூலம் அனுப்பி, நான் “ம்” என்று சொல்லி மறப்பதைப் போல. என் பக்கம் செலவு ஒன்றுமில்லை; அத்தை பக்கத்தைக் கேட்டுப் பாருங்கள்.

பரிகாரம் உண்டு. செலவு பிடிக்கும் செய்தியைத் தயாரித்துக் கொடுக்காமல், தயாரிக்கும் முறையை ஒரு செயற்கூறாகக் கொடுக்கலாம்; உண்மையான லாகர் வேண்டுமானால் அதை ஓட்டிக்கொள்ளும், சும்மா லாகர் தொடாது. அல்லது ?. என்ற குறியைப் பயன்படுத்தலாம். இதுவும் 2020இல் வந்ததுதான். இதற்கு இடப்பக்கம் ஆள் இல்லாவிட்டால், வலப்பக்கம் அடைப்புக்குறிக்குள் இருப்பதைக் கணக்கிடக்கூட மாட்டாது. ஆள் இல்லை என்று தெரிந்தால் அத்தை பட்டியல் போடவே தொடங்கமாட்டார். இதன் குறை, வாக்கியத்துக்கு வாக்கியம் அந்தக் குறியைத் தூவிக்கொண்டே போக வேண்டும். ஓர் இடத்தில் விட்டால் அங்கே வெடிக்கும். ஆகையால் என் வழக்கம், வாசலில் ?? ஒன்று, உள்ளே கனமான சாமானுக்கு மட்டும் தனிக் கவனிப்பு.

இவ்வளவு தூரம் மௌனத்தைப் புகழ்ந்துவிட்டு ஓர் எல்லைக்கோடும் போட்டாக வேண்டும். சும்மா லாகர் விழுங்கலாம் என்பது குறிப்புகளைத்தான், ஆபத்தை அல்ல. வால்வு திறக்கவில்லை, சென்சார் பதில் சொல்லவில்லை என்றால், அதை எரர் என்ற வாசலில் சொல்லிவிட்டுக் கைகழுவக் கூடாது. அந்த வாசலுக்குள்ளும் () => {} உட்கார்ந்திருக்கலாம் என்பது நமக்குத் தெரியும். பிழையைப் பிழையாகவே வீசி எறிய வேண்டும். அழைத்தவர் கையில் போய் விழ வேண்டும். அவர் பிடிக்கவில்லை என்றால் நிரல் நிற்கட்டும்.

எங்கள் பள்ளத்தாக்கில் இந்த வித்தியாசத்துக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எங்களுக்கு மேலே, 1963இல் கட்டி முடித்த சுல்தான் அபு பக்கார் அணை இருக்கிறது. ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் மலையிலிருந்து கழுவி வந்த மண் படிந்துகொண்டே போகிறது. அதில் காய்கறிக்காரர்களின் பங்கும் உண்டு. 2013 அக்டோபர் 23, நள்ளிரவு தாண்டி, பெருமழைக்குப் பின் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் ஆறு வீடுகளுக்குள் வந்தது. உயிர்கள் போயின. இன்றும் மழை இரவுகளில் இங்கே காது தானாக மேலே திரும்பும். ஈரப்பதம் 83 என்பது குறிப்பு. அதை யாரும் கேட்காமல் போனால் ஒன்றும் ஆகாது. அணையின் சைரன் அந்த வகை அல்ல. விருப்பப்பட்டால் பொருத்திக்கொள்ளுங்கள் என்று அதை யாரும் கொடுக்க முடியாது. எது குறிப்பு, எது சைரன் என்று பிரிக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே குரலில் சொல்லும் நிரலிடம், சைரனும் கடைசியில் ஈரப்பதத்தோடு சேர்ந்து காதில் விழாமல் போகும். என் மாட்யூல் சளசளத்துக்கொண்டிருந்த காலத்தில், மச்சான் அதன் வரிகளைப் படிப்பதையே விட்டிருந்தார்.

இப்போது அது அடக்கமான மாப்பிள்ளை. லாகர் கொடுக்காத வீட்டில் வால்வைத் திறக்கும், மூடும், வாய் திறக்காது. கம்போங் ராஜா பூக்காரர் லாகர் எதுவும் கொடுக்கவில்லை. மாட்யூல் இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது. ஒரு நூலகத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. வீட்டோடு மாப்பிள்ளைக்கும் கிடையாது.

மச்சான் மட்டும் லாகர் கொடுத்தார். கொடுக்கிற லாகர் எப்படிப்பட்டது என்பது கொடுக்கிறவர் பாடு. 2021 டிசம்பரில் உலகமே தூக்கம் கெட்ட லாக்4ஜே விவகாரம் நினைவிருக்கும். கொடுத்த வரியை எழுதுவதோடு நிற்காமல், வரிக்குள் இருந்த முகவரிக்குப் போய், அங்கிருந்த நிரலை வாங்கி வந்து வீட்டுக்குள் ஓட்டக்கூடிய ஓட்டை அந்த லாகரில் இருந்தது. அதைத் தன் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்த நிரல்களை எல்லாம் தேடித் தேடித் திருத்த வேண்டியதாயிற்று. எது லாகர் என்று தானே முடிவு செய்யாத நிரலுக்கு அந்தப் பாவத்தில் பங்கில்லை. இதைச் சொல்லி மச்சானை எச்சரித்தேன். அவர், “கவலப்படாதீங்க மச்சான், நான் கொடுக்கப்போறது ரொம்ப நம்பிக்கையான ஆளு” என்றார்.

அத்தையைக் கொடுத்திருந்தார். டீபக், இன்ஃபோ, வார்ன், எரர் நான்கையும் அத்தையின் வாட்ஸ்அப்புக்குத் திருப்பிவிட்டிருந்தார். கோயிலில் வைத்து ஈரப்பதம் 83. பாசாரில் வைத்து வால்வு மூடியே இருக்கிறது, நல்லது. பக்கத்து வீட்டு அம்மா, “உங்க மச்சான் கொட்டகையில இன்னிக்கு மண்ணு கொஞ்சம் காஞ்சிருக்காமே” என்று என்னிடமே துக்கம் விசாரித்தார். தகவல் பரிமாற்றத்தில் எந்த மேகக் கணினியும் அத்தையின் அருகில் வர முடியாது. என் மாட்யூலில் ஒரு வரி மாறவில்லை. குறை சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. கொள்கை என்றால் கொள்கைதான்.

சில நாட்கள் கழித்து, பசியாறிக்கொண்டிருந்தபோது, அத்தையின் கைப்பேசி இடைவிடாமல் சிணுங்கிற்று. அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டார்.

“மாப்பிள்ளைகிட்ட சொல்லு. வால்வு ஒடைஞ்சா சொல்லட்டும். தண்ணி நின்னா சொல்லட்டும். ‘பார்த்தேன், படிச்சேன், நல்லா இருக்கேன்’ இதெல்லாம் எனக்கு எதுக்கு? பெருசா ஏதாவது ஆனா மட்டும் வாயத் தொறந்தா போதும்.”

லாக் லெவல் என்ற தத்துவத்தை, எந்தக் கையேடும் படிக்காமல், தோசை திருப்பும் நேரத்தில் ஒருவர் கண்டடைவதைப் பார்த்து நான் வாயடைத்துப் போனேன்.

“மெஷினத்தானேம்மா சொல்ற?” என்று கேட்டாள் என் மனைவி.

“ரெண்டையும்தான்” என்றார் அத்தை.